ஓசிடியும் மனச்சோர்வும் ஒரே மூளையில் இருந்தால் ஸ்கேன் எதைக் காட்டும்?

எண்ணச் சுழற்சி நோய் எனப்படும் ஓசிடியைப் பற்றிய கட்டுரைகளில் பெரும்பாலும் ஒரு மூளைப் படம் இருக்கும். கண்குழிகளுக்கு மேலே உள்ள பகுதியும் உள்ளே ஒரு வளைவும் சிவப்பாக எரியும். பக்கத்தில் ‘இயல்பான மூளை’ என்று பச்சையும் நீலமுமாக இன்னொரு படம். இந்த வகைப் படங்களுக்கு வழிவகுத்த ஆய்வுகளில் முக்கியமானது, 1987-இல் லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் லூயிஸ் பாக்ஸ்டர் குழு செய்தது. ஓசிடி உள்ளவர்கள் 14 பேர், மனச்சோர்வு உள்ளவர்கள் 14 பேர், நோயில்லாதவர்கள் 14 பேர். மூளை எங்கே எவ்வளவு குளுக்கோஸை எரிக்கிறது என்று பெட் ஸ்கேனில் அளந்தார்கள். ஓசிடி உள்ளவர்களுக்குக் கண்குழி மேல்பட்டையிலும் காடேட் என்ற உட்கருவிலும் எரிப்பு அதிகமாக இருந்தது.

படத்தைப் பகிர்கிறவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை. அந்த 14 பேரில் பலருக்கு மனச்சோர்வும் சேர்ந்தே இருந்தது. அப்படியென்றால் அந்தச் சிவப்பு எந்த நோயின் சிவப்பு? பாக்ஸ்டர் குழுவுக்கே இந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது. மறு ஆண்டே மனச்சோர்வு இல்லாத ஓசிடிக்காரர்கள் 10 பேரை மட்டும் எடுத்து மறுபடி அளந்தார்கள். கண்குழி மேல்பட்டையும் காடேட்டும் அப்போதும் உயர்ந்தே இருந்தன. 1989-இல் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். ஒருமுனை மனச்சோர்வு, இருமுனைக் கோளாறில் வரும் மனச்சோர்வு, ஓசிடியோடு வரும் மனச்சோர்வு ஆகிய மூன்றுக்கும் பொதுவாக ஏதாவது உண்டா என்று பார்த்தார்கள். இருந்தது. இடது முன்மூளையின் மேல்பக்கவாட்டுப் பகுதியில் எரிப்பு மூன்றிலும் தாழ்ந்திருந்தது, மனச்சோர்வு தீவிரமாக இருந்தவர்களுக்கு இன்னும் தாழ்ந்திருந்தது.

ஆக, கண்குழி மேல்பட்டையும் காடேட்டும் ஓசிடிக்கு, இடது முன்மூளை மனச்சோர்வுக்கு என்று ஒரு பங்கீடு கிடைத்ததுபோல் தோன்றியது. இரண்டு நோயும் உள்ளவரின் படத்தில் இரண்டு அடையாளமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்திருக்க வேண்டும். அப்படி இருக்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

இது அபூர்வமான சிலரைப் பற்றிய நுட்பக் கேள்வியும் இல்லை. 2010-இல் வெளியான அமெரிக்க தேசிய அளவிலான கணக்கெடுப்பில், வாழ்நாளில் ஓசிடி வந்தவர்களில் 40.7 சதவீதம் பேருக்குப் பெரும் மனச்சோர்வும் வந்திருந்தது. எல்லா வகை மனநிலைக் கோளாறுகளையும் சேர்த்தால் 63.3 சதவீதம். மருத்துவமனைக்கு வருகிறவர்களில் இரண்டும் சேர்ந்திருப்பது சாதாரணக் காட்சி. தனி ஓசிடி மட்டும் உள்ளவரைத் தேடிப் பிடித்து ஸ்கேன் செய்தால், வெளிநோயாளர் பிரிவில் உண்மையில் உட்கார்ந்திருக்கும் ஆளை விட்டுவிடுகிறோம். யாரையும் விலக்காமல் எல்லோரையும் சேர்த்தால், எந்த நோயை அளந்தோம் என்றே தெரியாது.

2001: நான்கு குழுக்கள்

இதை நேராக எதிர்கொண்டது சஞ்சய சக்சேனாவும் பாக்ஸ்டரும் உள்ளிட்ட அதே லாஸ் ஏஞ்சலிஸ் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வு. ஓசிடி மட்டும் உள்ளவர்கள் 27 பேர். மனச்சோர்வு மட்டும் உள்ளவர்கள் 27 பேர். இரண்டும் ஒரே நேரத்தில் உள்ளவர்கள் 17 பேர். நோயில்லாதவர்கள் 17 பேர். இந்த நான்கு மூலை அமைப்பு இல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டு குழுவையோ மூன்று குழுவையோ வைத்து ‘இணைநோயின் விளைவு’ என்று எழுதும் கட்டுரைகள் எதையோ சொல்கின்றன, ஆனால் அதைச் சொல்லவில்லை.

முடிவுக்குள் போகும்முன் சுற்றைப் பற்றி ஒரு வரி. கண்குழி மேல்பட்டையும், நடுக்கோட்டை ஒட்டிய முன் சிங்குலேட் என்ற பகுதியும் ‘ஏதோ சரியில்லை’ என்ற சமிக்ஞையைக் காடேட்டுக்கு அனுப்புகின்றன. அங்கிருந்து ‘பல்லிடம்’ என்ற இன்னொரு உட்கரு வழியாக, மூளையின் நடுவே உள்ள தலாமஸுக்குப் போய், மறுபடி பட்டைக்கே திரும்புகிறது. ஓசிடியில் இந்தச் சுற்று தணியாமல் ஓடுகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

2001-இல் கண்டது இது. தலாமஸ் எரிப்பு, ஓசிடி மட்டும் உள்ளவர்களுக்கு உயர்ந்திருந்தது. மனச்சோர்வு மட்டும் உள்ளவர்களுக்கும் உயர்ந்திருந்தது. இரண்டும் உள்ளவர்களுக்கு இன்னும் உயர்ந்திருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? அவர்களுக்குத் தலாமஸ், காடேட், நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ் மூன்றிலுமே ஓசிடி மட்டும் உள்ளவர்களைவிடத் தெளிவாகக் குறைவு. அதாவது ஓசிடியின் முத்திரை என்று படப்புத்தகங்களில் வரும் சிவப்பு, மனச்சோர்வு கூடியதும் மங்கிவிடுகிறது. கூட்டல் கணக்கு இங்கே பொய்க்கிறது.

ஹிப்போகாம்பஸில் வேறு விதம். இடது ஹிப்போகாம்பஸின் எரிப்பு மனச்சோர்வு மட்டும் உள்ளவர்களுக்கும் இரண்டும் உள்ளவர்களுக்கும் தாழ்ந்திருந்தது. ஓசிடி மட்டும் உள்ளவர்களுக்குத் தாழவில்லை. மனச்சோர்வு மதிப்பெண் ஏற ஏற எரிப்பு இறங்கியது. இந்தப் பகுதியைப் பொறுத்தவரை மனச்சோர்வு இருக்கிறதா என்பதே முக்கியம், ஓசிடி கூட இருப்பதால் பெரிய மாற்றமில்லை.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். தனி ஓசிடியில் தலாமஸ் 10 சதவீதம் உயர்கிறது என்றும், மனச்சோர்வு சேர்ந்தவர்களிடம் அந்த உயர்வு அறவே இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். இருவரையும் சரிபாதியாகக் கலந்த ‘ஓசிடி குழு’வை ஒருவர் ஸ்கேன் செய்தால் 5 சதவீதம் கிடைக்கும். 20 பேர் கொண்ட ஆய்வில் 5 சதவீதம் இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். அவர் ‘தலாமஸில் வேறுபாடு இல்லை’ என்று எழுதுவார். அடுத்த ஊரில் மனச்சோர்வு உள்ளவர்களை விலக்கிய இன்னொருவர் ‘வேறுபாடு உண்டு’ என்று எழுதுவார். ஓசிடி ஸ்கேன் ஆய்வுகள் முப்பது ஆண்டுகளாக ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதில் ஒரு பங்கு இந்தக் கலப்பிலிருந்து வருகிறது என்றே நினைக்கிறேன்.

17 பேர் என்பது சிறிய எண், அதை மறைக்க வேண்டியதில்லை. அதனால் 2001-இன் முடிவை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அது கேட்ட கேள்வி சரியான கேள்வி.

ஹிப்போகாம்பஸ் யாருடையது?

பெரிய எண்ணிக்கை பிறகு வந்தது. எனிக்மா என்ற உலகக் கூட்டமைப்பு பல நாடுகளின் எம்ஆர்ஐ படங்களை ஒரே முறையில் அளந்து சேர்க்கிறது. 2017-இல் அதன் ஓசிடி பிரிவு 1,830 நோயாளிகளையும் நோயில்லாத 1,759 பேரையும் ஒப்பிட்டது. பெரியவர்களுக்கு ஹிப்போகாம்பஸ் சற்றே சிறிது, விளைவளவு (இரு குழுக்களின் சராசரி வேறுபாட்டை, ஆளுக்கு ஆள் இயல்பாக உள்ள ஏற்ற இறக்கத்தால் வகுத்த எண்) மைனஸ் 0.13. பல்லிடம் சற்றே பெரிது, 0.16. இதே கூட்டமைப்பின் மனச்சோர்வுப் பிரிவு அதற்கு முன்பே 1,728 நோயாளிகளை நோயில்லாத 7,199 பேரோடு ஒப்பிட்டிருந்தது. ஹிப்போகாம்பஸ் சிறிது, விளைவளவு மைனஸ் 0.14. 21 வயதுக்குள் மனச்சோர்வு தொடங்கியவர்களுக்கு மைனஸ் 0.20, திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு மைனஸ் 0.17. முதல் முறையாக வந்தவர்களுக்கு வேறுபாடு இல்லை.

மைனஸ் 0.13, மைனஸ் 0.14. ஓசிடி உள்ளவர்களில் பாதிப் பேர் வரை மனச்சோர்வையும் கண்டவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த இரண்டு எண்களையும் பார்த்தால், ஓசிடியின் ஹிப்போகாம்பஸ் சுருக்கம் ஓசிடியால் வந்ததா என்ற கேள்வி தானாகவே எழும். எண்கள் பொருந்துவதாலேயே காரணம் நிரூபணமாகிவிடாது. அளவும் எரிப்பும் வெவ்வேறு அளவீடுகள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் 2001-இன் பெட் முடிவும் இதே திசையைக் காட்டுகிறது.

இரண்டு அளவீடுகளையும் பிணைக்கும் ஒரு தொழில்நுட்பச் சிக்கலும் உண்டு. அந்தக் காலப் பெட் கருவிகள் 5, 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டாது. ஹிப்போகாம்பஸின் குறுக்களவே சுமார் 1 சென்டிமீட்டர். அது கொஞ்சம் சுருங்கினால், பக்கத்தில் உள்ள மூளைநீரின் வெறுமை அதன் எண்ணோடு கலந்து, திசு நன்றாக எரித்தாலும் எரிப்பு குறைந்ததாகக் கணக்கு காட்டும். இதற்கு எம்ஆர்ஐயை வைத்துக் கனஅளவுத் திருத்தம் செய்ய வேண்டும். திருத்தம் செய்தார்களா என்பது செய்முறைப் பகுதியில் ஒரே வாக்கியமாக இருக்கும். அந்த வாக்கியம் இல்லாத கட்டுரையில் ஹிப்போகாம்பஸ் எண்ணை நான் நம்புவதில்லை.

பெட் ஸ்கேன் நாளில் நடப்பது

எஃப்டிஜி என்ற குளுக்கோஸ் போன்ற மருந்தில் கதிரியக்க ஃப்ளோரின்-18 ஒட்டப்பட்டிருக்கும். அதன் அரைவாழ்வு சுமார் 110 நிமிடம். வருகிறவர் குறைந்தது 4 மணி நேரம் சாப்பிட்டிருக்கக் கூடாது, தண்ணீர் குடிக்கலாம். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள். இரத்தச் சர்க்கரை அதிகமாக இருந்தால் அது மருந்தோடு போட்டியிட்டு மூளைக்குள் போவதைக் குறைக்கும், படம் மங்கும். ஊசி போடுவதற்கு 10 நிமிடம் முன்பே நரம்பில் கேனுலா வைத்துவிடுவது நல்லது. குத்திய வலியும் பயமும் அடங்கிய பிறகு மருந்து போக வேண்டும். மூளைக்கு வழக்கமாகக் கொடுக்கும் அளவு 185 மெகாபெக்கரல் ஒட்டி இருக்கும், உடலுக்குச் சேரும் கதிர்வீச்சு ஏறக்குறைய 3.5 மில்லிசீவர்ட். பிறகு மங்கலான வெளிச்சமுள்ள அமைதியான அறையில் 30 நிமிடமாவது பேச்சு, வாசிப்பு, செல்பேசி எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கருவிக்குள் படுக்க வைப்பார்கள்.

படம் எடுக்கும் நேரத்து மூளையை இந்தப் படம் காட்டுவதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மருந்து போன பிறகு அறையில் சும்மா இருந்த அந்த அரைமணி நேரத்து மூளையைத்தான் காட்டுகிறது. அழுக்கு பற்றிய பயம் உள்ளவர் அந்த அரைமணி நேரம் என்ன செய்வார்? யார் யாரோ உட்கார்ந்த நாற்காலி, கையில் கேனுலா, எழுந்துபோய்க் கழுவ முடியாது. உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார், அல்லது ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார். மனச்சோர்வில் இருப்பவர் பழைய தோல்விகளை அசைபோட்டுக்கொண்டிருப்பார், அல்லது இரவெல்லாம் தூங்காததால் கண்ணயர்ந்துவிடுவார். நோயில்லாதவர் மதியச் சாப்பாட்டைப் பற்றி நினைப்பார். மூவருக்கும் ‘ஓய்வு நிலை’ என்று ஒரே பெயர் வைத்து ஒப்பிடுகிறோம்.

இதைச் சமாளிக்க இரண்டு வழி. ஒன்று, அந்த அரைமணி நேரமும் எல்லோருக்கும் ஒரே எளிய கவனப் பயிற்சியைக் கொடுப்பது. இன்னொன்று, முடிந்த கையோடு சிறு குறிப்பு எடுப்பது: எண்ணத் தொல்லை 0 முதல் 10-க்குள் எவ்வளவு, மனம் எவ்வளவு கனத்தது, தூக்கம் வந்ததா, மனதுக்குள் சடங்கு செய்தீர்களா. இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் விட்டால் பின்னால் எந்தப் புள்ளியியலாலும் ஈடுகட்ட முடியாது.

கணக்கிலும் ஒரு பள்ளம் உண்டு. பெரும்பாலான ஆய்வுகள் ஒரு பகுதியின் எரிப்பை முழு மூளையின் சராசரியால் வகுக்கின்றன. மனச்சோர்வில் முழு மூளைச் சராசரியே தாழ்ந்திருந்தால், வகுத்த பிறகு தாழாத பகுதிகள் எல்லாம் ‘உயர்ந்தவை’யாகத் தெரியும். ஆகவே வகுக்காத எண்ணையும் வகுத்த எண்ணையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

எம்ஆர்ஐயின் குருட்டிடம்

இன்று பெரும்பாலான ஆய்வுகள் 3 டெஸ்லா கருவியில் செய்யும் செயல்பாட்டு எம்ஆர்ஐ. கதிர்வீச்சு இல்லை, மலிவு, திரும்பத் திரும்ப எடுக்கலாம். ஆனால் இந்த இரண்டு நோய்களைப் பொறுத்தவரை அதற்கு ஒரு கொடுமையான குறை இருக்கிறது. மூக்கின் பின்னாலும் கண்களுக்கு இடையிலும் உள்ள காற்றறைகளுக்கு அருகே காந்தப்புலம் வளைகிறது. அங்கே சமிக்ஞை அழிகிறது, மிச்சமிருப்பது இழுபட்டுக் கோணலாகிறது. அழிவது எந்தப் பகுதி என்று பாருங்கள்: ஓசிடிக்கு மையமான கண்குழி மேல்பட்டை, மனச்சோர்வுக்கு மையமான, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பட்டையின் முன்வளைவுக்குக் கீழே உள்ள சிங்குலேட் பகுதி. தேடும் இடமே இருட்டு.

முழுமையாகச் சரிசெய்ய முடியாது, குறைக்கலாம். எதிரொலி நேரத்தை, அதாவது துடிப்பு அனுப்பியதிலிருந்து சமிக்ஞையைப் பதியும்வரை உள்ள நேரத்தை, 30 மில்லிவினாடியிலிருந்து 25 அளவுக்குக் குறைப்பது. படத்துண்டுகளை வழக்கமான கோட்டிலிருந்து சுமார் 30 டிகிரி சாய்த்து எடுப்பது. படத்தின் மிகச்சிறு அலகான கனசதுரத்தை 3 மில்லிமீட்டருக்குப் பதில் 2 அல்லது 2.5 ஆக்குவது. எதிரெதிர் திசைகளில் இரண்டு குறும்படங்கள் எடுத்து அவற்றை வைத்துக் கோணலை நிமிர்த்துவது, அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. வசதி இருந்தால் ஒரே துடிப்பில் பல எதிரொலிகளைப் பதியும் முறை. ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு: கனசதுரம் சிறிதானால் சமிக்ஞை பலவீனம், நேரம் அதிகம்.

கட்டுரை வாசிப்பவர்கள் பார்க்க வேண்டியது, எல்லாப் பங்கேற்பாளர்களிடமும் சமிக்ஞை கிடைத்த பரப்பைக் காட்டும் படம். அந்தப் பரப்பில் கண்குழி மேல்பட்டையில் ஓட்டை இருந்தால், ‘கண்குழி மேல்பட்டையில் வேறுபாடு காணப்படவில்லை’ என்ற வரிக்கு ‘அங்கே அளக்கவில்லை’ என்றே பொருள். இந்தப் படத்தை இணைப்பிலாவது போடாத கட்டுரைகள் இன்னும் வருகின்றன என்பது வருத்தம் தருகிறது.

தலை அசைவு அடுத்த தொல்லை. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் அசைவு 0.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் அந்தப் படத்தை ஒதுக்குவது பரவலான வழக்கம், கண்டிப்பானவர்கள் 0.2-ஐ எல்லையாக வைக்கிறார்கள். பதற்றம், தசைத் துடிப்பு, ‘சரியாகப் படுத்திருக்கிறேனா’ என்ற சரிபார்ப்பு எல்லாம் ஓசிடி பக்கத்தில் அசைவைக் கூட்டும். அதிகம் அசைந்தவர்களை எல்லாம் நீக்கிவிட்டால் மிஞ்சுவது லேசான நோயுள்ளவர்கள். எத்தனை பேரை நீக்கினோம், அவர்களின் நோய்த் தீவிரம் என்ன என்பதைக் குழுவாரியாகச் சொல்வதே நேர்மை.

படங்களைக் காட்டித் தூண்டும் ஆய்வுகளில் இணைநோய் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. உணர்ச்சித் தூண்டல் பற்றிய 25 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வந்த பகுப்பாய்வில், மனநிலைக் கோளாறும் பதற்றக் கோளாறும் கூடுதலாக இருந்த குழுக்களில், பயம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலாவின் வலப்பக்கமும், இன்சுலா, புட்டமென் என்ற பகுதிகளும் அதிகம் கிளர்ந்தன. இடது அமிக்டலாவும் வலது முன்மூளையின் உட்கீழ்ப்பகுதியும் குறைவாகக் கிளர்ந்தன. ஒரே உறுப்பின் இடமும் வலமும் எதிரெதிராகப் போகின்றன. இருபுறத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்திருந்தால் பூஜ்ஜியத்துக்கு அருகில் வந்து நின்றிருக்கும்.

மதிப்பெண்களில் கசிவு

ஸ்கேனைவிட மலிவான கருவியில் நடக்கும் பிழை இது. ஓசிடி தீவிரத்தை அளக்கும் யேல்-பிரவுன் அளவையில் 10 கேள்வி, மொத்தம் 40 மதிப்பெண். ஆய்வுகளில் சேர்க்கப் பொதுவாக 16-க்கு மேல் கேட்பார்கள். அதில் ‘எவ்வளவு துன்பம் தருகிறது’, ‘வாழ்க்கையை எவ்வளவு தடுக்கிறது’, ‘எவ்வளவு எதிர்த்து நிற்கிறீர்கள்’ என்ற கேள்விகளுக்கு மனச்சோர்வில் இருப்பவர் இயல்பாகவே அதிக மதிப்பெண் சொல்வார். எதிர்த்து நிற்கத் தெம்பே இருக்காது, எதிர்ப்பு குறைந்தால் அந்தக் கேள்வியில் மதிப்பெண் கூடும். அவருடைய ஓசிடி எண் ஏறுவதில் மனச்சோர்வின் பங்கு உண்டு.

மறுபக்கம் இன்னும் வெளிப்படை. மனச்சோர்வை அளக்கும் ஹாமில்டன் அளவைக்கு 17 கேள்வி வடிவமும் 21 கேள்வி வடிவமும் உண்டு. கடைசி, 21-ஆவது கேள்வி ஓசிடி அறிகுறிகளைப் பற்றியதே. இந்த ஆய்வுகளில் 21-ஐயும் கூட்டினால் ஓசிடியை மனச்சோர்வு என்று எண்ணிவிடுகிறோம். 17 வடிவத்தையே பயன்படுத்த வேண்டும், அல்லது 10 கேள்விகளில் மனநிலையை நெருக்கமாகக் கேட்கும் மாண்ட்கோமரி-ஆஸ்பெர்க் அளவையை எடுக்க வேண்டும்.

நேர்காணல் செய்கிறவருக்கு அதைவிடக் கடினமான வேலை ஒன்று உண்டு. ‘நான் யாரையோ காயப்படுத்திவிடுவேனோ’ என்று வேண்டாத எண்ணம் வந்து மிரட்டுவது ஓசிடி. ‘நான் எல்லோரையும் ஏமாற்றிவிட்டேன்’ என்று நம்பி அதிலேயே உழல்வது மனச்சோர்வின் அசைபோடல். முதலாவதை அவர் தள்ளப் பார்ப்பார், அபத்தம் என்று பெரும்பாலும் அறிவார். இரண்டாவதை உண்மை என்றே எடுத்துக்கொள்வார். இதைப் பிரிக்காமல் ‘திரும்பத் திரும்ப வரும் எண்ணம்: ஆம்’ என்று கட்டத்தில் குறித்தால், கோடிக்கணக்கில் விலையுள்ள கருவி அதற்குப் பிறகு எவ்வளவு துல்லியமாக அளந்தும் பயனில்லை.

இன்னொரு வழக்கமான சறுக்கல், மனச்சோர்வு மதிப்பெண்ணைப் புள்ளியியலில் ‘கட்டுப்படுத்திவிட்டோம்’ என்று எழுதுவது. நோயுள்ள குழுவுக்கு அந்த எண் 18, இல்லாத குழுவுக்கு 2 என்றால், அந்த எண்ணும் குழுவும் ஏறக்குறைய ஒன்றே. எண்ணை நீக்கும்போது குழு வேறுபாட்டிலும் ஒரு துண்டு வெட்டுப்பட்டுப் போகிறது. மிச்சம் இருப்பது ‘மனச்சோர்வு இல்லாத ஓசிடி’ ஆகாது. எங்கும் வாழாத ஒரு கற்பனை நோயாளியின் மூளை அது. நோயாளிகளுக்குள் மட்டும் மதிப்பெண்ணுக்கும் மூளை அளவுக்கும் உள்ள உறவைப் பார்ப்பதோ, நான்கு மூலை அமைப்போதான் சரியான வழி. தற்போது மனச்சோர்வில் இருப்பவரையும் முன்பு இருந்து மீண்டவரையும் தனித்தனியாக வைப்பதும் கட்டாயம். எரிப்பு இன்றைய நிலையோடு மாறும், கனஅளவு பழைய வரலாற்றைச் சுமக்கும்.

எத்தனை பேர் வேண்டும்? 0.13 விளைவளவை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க ஒரு குழுவுக்குச் சுமார் 930 பேர் தேவை. 0.3 என்றால் 175 பேர். ஆனால் ‘இரண்டும் சேர்ந்தால் கூட்டலைவிட மாறுகிறதா’ என்ற கேள்விக்கு அதே 0.3-க்கு ஒரு மூலைக்கு 350, நான்கு மூலைக்கும் 1,400 பேர் வேண்டும். மூலைக்கு 20 பேரை வைத்து இந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் எழுத யாருக்கும் உரிமை இல்லை.

மருந்து

எனிக்மாவின் அதே 2017 கணக்கில், மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் வேறுபாடு மைனஸ் 0.29. மருந்து சுருக்கியது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. யாருக்கு மருந்து கொடுக்கிறார்கள்? நோய் கடுமையானவர்களுக்கு, நெடுநாள் ஆனவர்களுக்கு, மனச்சோர்வும் சேர்ந்தவர்களுக்கு. மூன்றும் ஒரே முடிச்சாகக் கிடக்கின்றன. 2020-இல் இதே கூட்டமைப்பின் படங்களை வைத்து, ஓசிடி உள்ளவரா இல்லையா என்று கணினியைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பழகாத மருத்துவமனையின் படங்களில் காசு சுண்டிப் பார்ப்பதைவிட நன்றாகச் செய்யவில்லை. நோயாளிகளை மருந்து எடுப்பவர், எடுக்காதவர் என்று பிரித்தபோது மட்டும் ஓரளவு தேறியது.

அதனால் மருந்தில்லாதவர்களை மட்டும் தேடும் ஆய்வுகள் வந்தன. நியூயார்க், ஆம்ஸ்டர்டாம், சாவோ பாலோ, கேப் டவுன், பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகிய ஐந்து இடங்களில், மருந்தில்லாத ஓசிடிக்காரர்கள், நோயில்லாதவர்கள், நோயாளிகளின் நோயற்ற உடன்பிறப்புகள் என்று ஒரே நெறிமுறையில் திட்டமிட்ட கூட்டாய்வு அவற்றில் சிறப்பானது. இந்திய மூளைகள் இந்தக் கணக்குக்குள் வருவதே பெரிய விஷயம். ஆனால் மருந்தில்லாதவர்களை மட்டும் சேர்க்கும் எந்த ஆய்விலும் ஒரு விலை உண்டு. தற்கொலை எண்ணம் வரும் அளவு மனச்சோர்வில் இருப்பவரை மருந்தில்லாமல் வைத்திருக்க எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. ஆகவே மருந்தின் குழப்பம் நீங்கும்போது கடும் மனச்சோர்வு உள்ளவர்களும் படத்திலிருந்து நீங்கிவிடுகிறார்கள்.

சிகிச்சைக்கு இதில் என்ன

ஆழ்மூளைத் தூண்டலில் இந்தப் பிரிவு கண்கூடாகத் தெரிந்தது. எந்தச் சிகிச்சைக்கும் அடங்காத ஓசிடி உள்ள 6 பேருக்கு லண்டனில் இரண்டு இடங்களில் மின்முனை வைத்து, மாற்றி மாற்றி இயக்கிப் பார்த்தார்கள். 2019-இல் முடிவு வெளிவந்தது. உட்கூடு என்ற நரம்பிழைக் கற்றையின் கீழ்ப்பகுதியில் இயக்கினாலும், தலாமஸுக்குக் கீழே உள்ள ‘கீழ்க்கரு’வில் இயக்கினாலும் ஓசிடி குறைந்தது. ஆனால் மனநிலை அதிகம் தேறியது உட்கூட்டில் இயக்கியபோது. எண்ணத்தை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றும் திறன் தேறியது கீழ்க்கருவில் இயக்கியபோது. ஆறே பேர் என்றாலும், ஒரே மனிதருக்குள் இரண்டையும் ஒப்பிட்டதால் இதன் எடை கூடுதல். மனச்சோர்வும் உள்ளவருக்கு எந்த இடம் என்று அறுவைக்குழு யோசிக்க இது அடிப்படை தருகிறது.

தலைக்கு வெளியிலிருந்து செய்யும் காந்தத் தூண்டலிலும் இலக்குகள் வேறு. மனச்சோர்வுக்கு அமெரிக்காவில் 2008-இல் அனுமதி கிடைத்த முறை இடது முன்மூளையின் மேல்பக்கவாட்டைக் குறிவைக்கிறது, 1989-இல் எரிப்பு தாழ்ந்து தெரிந்த அதே வட்டாரம். ஓசிடிக்கு 2018-இல் அனுமதி கிடைத்தது நடுக்கோட்டை, முன் சிங்குலேட்டை நோக்கும் ஆழ்சுருள். அதில் ஒவ்வொரு அமர்வுக்கு முன்பும் நோயாளியின் எண்ணத் தொல்லையை வேண்டுமென்றே கொஞ்சம் கிளறுவார்கள், சுற்று விழித்திருக்கும்போது தூண்டுவதற்காக. இரண்டு நோயும் உள்ளவருக்கு ஒரே சுருளை ஒரே இடத்தில் வைத்து இரண்டையும் தீர்த்துவிடலாம் என்று சொல்லும் மையங்களிடம், எந்த இலக்கு, எத்தனை அமர்வு, எந்த அளவையில் முன்னேற்றத்தைப் பார்ப்பீர்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

தனி ஒருவரின் படம்

‘என் மகளுக்கு ஓசிடியா, மனச்சோர்வா என்று ஸ்கேனில் பார்த்துவிடலாமா?’ முடியாது. மைனஸ் 0.13 என்றால் இரு குழுக்களின் ஹிப்போகாம்பஸ் அளவுகளும் 95 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று கவிந்திருக்கின்றன. தெருவில் நோயில்லாத ஒருவரையும் ஓசிடி உள்ள ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தால், ஓசிடி உள்ளவரின் ஹிப்போகாம்பஸ் சிறிதாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 54. வண்ணப் படத்தைக் காட்டி நோயைப் பெயர் சொல்லிப் பணம் வாங்குகிறவர்களிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

மருத்துவர் எம்ஆர்ஐ எழுதும் நேரங்கள் உண்டு, அவற்றின் நோக்கம் வேறு. 50 வயதுக்கு மேல் முதல்முறையாக அறிகுறி தொடங்கினால், வலிப்பு, தலைக்காயம், கை கால் பலவீனம், திடீர் குணமாற்றம், நினைவுத் தடுமாற்றம் கூடவே இருந்தால், குழந்தைக்கு ஓரிரு நாளில் திடீரென்று கடுமையாக வந்தால், வேறு நோயை விலக்க எடுக்க வேண்டும். அப்போது ‘குறிப்பிடத்தக்க மாற்றமில்லை’ என்று அறிக்கை வந்தால், நோய் பொய் என்று வீட்டில் யாரும் முடிவுகட்ட வேண்டாம். ஓசிடியிலும் மனச்சோர்விலும் வழக்கமாக வரும் அறிக்கையே அதுதான்.

ஸ்கேனுக்குச் செலவிடும் பணத்தில் சிறு பங்கு போதும், ஒவ்வொரு சந்திப்பிலும் யேல்-பிரவுன் மதிப்பெண்ணையும் மனச்சோர்வு மதிப்பெண்ணையும் தனித்தனியே குறித்து வைக்க. ஓசிடி எண் இறங்காமல் மனச்சோர்வு எண் மட்டும் இறங்கினால், மருந்தின் அளவு ஓசிடிக்குப் போதவில்லை என்று பொருள்படலாம். இரண்டு நோய்க்கும் கொடுக்கப்படும், ஃப்ளுவாக்ஸெடின் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகள் ஓசிடிக்கு வழக்கமாக அதிக அளவும் 8 முதல் 12 வாரமும் கேட்பவை. மனச்சோர்வு எண் ஏறிக்கொண்டே போனால், பயப்படுவதை நேரே சந்திக்கும் பயிற்சிக்கு அவரால் ஈடுகொடுக்க முடியாது, முதலில் அதைக் கவனிக்க வேண்டும். சாவைப் பற்றிய பேச்சு வந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்கக் கூடாது. இந்தியாவில் 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் எந்நேரமும் தமிழிலும் பேசலாம்.

ஆராய்ச்சி ஸ்கேனில் பங்கேற்க விரும்புகிறவர்களுக்கு: தகுதி பெறுவதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஃப்ளுவாக்ஸெடின் உடலைவிட்டு முழுதாக நீங்க ஐந்து வாரம் ஆகும், அதற்குள் மனச்சோர்வு திரும்பிவிடலாம். மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்களையும் சேர்க்கும் ஆய்வுகள் இருக்கின்றன, இரண்டு நோயும் மருந்தும் உள்ளவர்களின் படங்கள்தான் இப்போது மிகக் குறைவாக இருக்கின்றன.